எழுத்தொழுங்கும் கருத்துநிலையும்: யுனிக்கோட் தமிழ்ப் பகுதி பற்றிய ஒரு நோக்கு

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வகுக்கும் பட்டியலே குறியேற்ற நியமம் எனப்படுகின்றது. 1963இல் அமெரிக்காவில் வெளியான அஸ்கி நியமத்தின் 128 இடங்களுள் ஆங்கில எழுத்துகள் அடங்கின. ஏனைய மொழிகள் பின்னர் வந்து இடம் தேடவேண்டியனவாயின. இத்தகைய பட்டியல்களை வெறும் தொழினுட்ப ஆவணங்களாகக் கொள்வதே நம்மிடையே வழக்கு. ஆயின் இவையும் சமூக உற்பத்தியின் விளைபொருள்களே.

அமெரிக்கக் கணினி நிறுவனங்களின் முன்முயற்சியில் உருவாகி 1991இல் வெளிவந்த யுனிக்கோட் நியமத்தின் தமிழ்ப் பகுதியை நோக்குவோம். ககரத்தை அடுத்து மூன்று இடங்கள் வெறுமையாயுள்ளன. அவற்றின் பின்னரே ஙகரம் வருகின்றது. தேவநாகரியில் கவருக்கத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் எழுத்துகள் நிற்கும் இடங்கள் அவை. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. எண்வரிசையை அப்படியே பின்பற்றின், ஈழத்தில் நாம் எழுதும் ‘றப்பர்’ அகராதியில் ‘வயல்’ என்பதற்கு முன்னே வந்துவிடும். (றகரம் மொழிமுதல் வாராது என்பார் பொறுத்தருள்க.)

இவ்வொழுங்கின் மூலம் இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி நியமமாகும். பிராமிவழி வந்த இந்திய எழுத்துமுறைகளுக்கெல்லாம் ஒரே சட்டகம் அமைப்பதே அதன் நோக்கம். ஓர் எழுத்துமுறையில் உள்ளிட்ட பெயரை இன்னொன்றில் எளிதாகப் பெயர்த்தெழுத அது வழிசெய்தது. பல மொழிகளை ஒரே நிருவாகத்தினுள்ளும் ஒரே சந்தையினுள்ளும் இணைக்க விழையும் அரசொன்றின் தேவை அது.

இதனை வடமொழிச் சதி என்பாரும் உளர். அவ்விளக்கம் உணர்ச்சிக்கு இதமளிப்பினும் ஆராய்ச்சிக்கு உதவாது. வடமொழி எழுத்துகளுக்கு இடங்கொடுக்கும் வங்காளப் பகுதியிலும் வெற்றிடங்கள் உள்ளன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. பண்பாட்டுப் பகையைத் தேடுவோர் நிறுவன நலனைக் காணத் தவறிவிடுகின்றனர்.

2010இல் தமிழ்நாடு அரசு, யுனிக்கோட்டுடன், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது. தமிழ் நெடுங்கணக்கின் வரிசைக்கு இயைந்த முறை அது. எனினும் பெருவழக்குப் பெற்றது யுனிக்கோட்டே. இயங்குதளங்கள் எவர் உடைமையோ அவர்தம் தெரிவே நிலைத்தது. இன்று அகரவரிசை, தனியான ஒழுங்குபடுத்தல் விதிகளால் சீர்செய்யப்படுகின்றது. குறியெண்களோ, ஒருமுறை வழங்கப்பட்டபின் இடம்மாற்றப்படா என்பது யுனிக்கோட்டின் விதி; றகரம் இனி ரகரத்தின் அருகிலேயே நிற்கும்.