ரிஸா அப்பாஸியின் கோடு

இஸ்லாமிய ஓவியம் என்றதும் எங்கட ஆக்களிடையே பேச்சு, உருவம் கூடுமா கூடாதா என்பதோடு நின்றுவிடுகிறது. வரைந்தவர் எந்தத் தாளில், யாருக்காக வரைந்தார் என்று கேட்பார் இல்லை. 1635இல் மௌத்தான இஸ்ஃபஹான் ஓவியர் ரிஸா அப்பாஸியை விளங்கிக்கொள்ள அந்தக் கேள்விதான் உதவும்.

ஒற்றைத் தாள், அதில் ஒற்றை மனிதர்: ரிஸாவின் பெயரை நிறுத்தியவை இத்தகைய சித்திரங்களே. அவற்றின் கோட்டை ‘மேதையின் கைவண்ணம்’ என்று புகழ்ந்துவிட்டு விமர்சகர்கள் போய்விடுகிறார்கள். அது எனக்குப் போதவில்லை.

கந்தலில் செய்த தாள் அது. கஞ்சிப்பசை பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். மை உள்ளே ஊறாமல் மேலேயே நிற்கும். தூரிகை தடங்கலின்றி வழுக்கும். அழுத்தினால் கோடு பருக்கும், தூக்கினால் மயிரிழையாகும். நஸ்தஃலீக் எழுத்துக்கும் இதே மாதிரித் தாள்தான், புகைக்கரி மைதான். அவர் வரைந்த இடைக்கச்சின் நுனி ஒரு ‘நூன்’ போல வளைந்து முடிவது சும்மா அல்ல. தாளை முழங்காலில் சாய்த்து வைத்தே வரைந்தார்கள். மாணவர் முயீன் முஸவ்விர் 1635இல் தொடங்கி 1673இல் முடித்த படத்தில், ரிஸா மூக்குக்கண்ணாடியோடு அப்படித்தான் குந்தியிருக்கிறார். மணிக்கட்டின் வீச்சுக்குள் அடங்கும் கலை இது.

ஆனால் தாள் மட்டும் இந்தத் தனி மனிதரைத் தந்துவிடாது. ஷாஹ் தஹ்மாஸ்புக்காக உருவான ஷாஹ்நாமாவில் 258 ஓவியங்கள். அப்படியொரு நூலுக்குப் பொன், விலையுயர்ந்த வர்ணம், எழுத்தர், நூல் கட்டுபவர் என்று ஓர் அரண்மனையே முதல் போட வேண்டும். தஹ்மாஸ்ப் பிற்காலத்தில் ஓவியத்திலிருந்து விலகவே கலைஞர்கள் சிதறினார்கள். தனித் தாளுக்கு அவ்வளவு செலவில்லை. அரசவைக்கு வெளியே இருப்பவரும் வாங்கி முரக்கா என்ற ஆல்பத்தில் ஒட்டி வைக்கலாம். கதை விடைபெற்றது, மனிதர் மிஞ்சினார்.

ரிஸா மல்யுத்தக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்துவிட்டார் என்று அரசவை வரலாற்றாசிரியர் இஸ்கந்தர் பேக் முன்ஷி குறைப்பட்டார். எனக்கென்னவோ அந்தக் கூட்டு அவரது கலைக்கு வாய்த்த பாக்கியம் என்றே படுகிறது. 1622இல் வரைந்த வில்லாளி நஷ்மியைப் பாருங்கள். இளமை போய், கட்டுத் தளர்ந்த ஆள். அழகிய வாலிபர்களை வரைந்த அதே வளைகோடுதான் இந்தத் தளர்ந்த உடம்பையும் சுற்றி வருகிறது. பழைய அரச நூல்களில் இந்த மனிதருக்கு அதிகம் போனால் ஒரு மூலைதான் கிடைத்திருக்கும்.