ஒட்டுக்கேட்புக்கு யார் ஒப்புதல்?

2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை செல்போன் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. இந்தியாவில் விற்பனைக்கு வரும் புதிய செல்போன்களில் 90 நாட்களுக்குள் அரசின் ‘சஞ்சார் சாத்தி’ செயலி முன்கூட்டியே இடம்பெற்றிருக்க வேண்டும். அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. செய்தி கசிந்ததும், இது கண்காணிப்புக்கு வழிவகுக்கும் என்று எதிர்ப்பு கிளம்பியது. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார் துறையின் அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா. டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது.

மக்கள் குரலுக்கு அரசு இறங்கிவந்தது நல்லது. ஆனால் அந்த நாட்களில் பேச்செல்லாம் செயலியைப் பற்றியே இருந்தது. எந்தச் செயலியும் இல்லாமல், நம் செல்போனைத் தொடாமலேயே, நம் பேச்சைக் கேட்கும் அதிகாரம் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் முதல் அரசின் கையில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் டீக்கடையிலும் ரயிலிலும் அலுவலகத்திலும் மூன்று பதில்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

“மடியில் கனமில்லை”

முதல் பதில்: “மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.” நேர்மையாக வாழ்கிறோம் என்ற நம்பிக்கையிலிருந்து வரும் பேச்சு இது. ஆனால் கேட்பவரும் நேர்மையானவர், கேட்டது அவரோடு நிற்கும் என்று இது முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. அந்த இடத்தில்தான் பிசகுகிறது.

பெருநிறுவனங்களின் தரகர் நீரா ராடியாவின் தொலைபேசி 2008, 2009ஆம் ஆண்டுகளில் முறையான அனுமதியோடு ஒட்டுக்கேட்கப்பட்டது; வருமான வரித் துறையின் விசாரணைக்காக. 2010இல் அந்தப் பதிவுகள் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவரோடு பேசியவர்களில் ஒருவரான தொழிலதிபர் ரத்தன் டாடா, தன் அந்தரங்க உரிமையைக் காக்கும்படி உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். பதிவுகளால் பொதுநன்மை விளைந்தது என்று வாதிடலாம். ஆனால் அரசின் பாதுகாப்பில் இருந்த ஒலிப்பதிவு வெளியே போவதை அரசாலேயே தடுக்க முடியவில்லை என்பதை மறுக்க முடியாது.

பேச்சைக்கூட விட்டுவிடுவோம். சி.டி.ஆர். எனப்படும் அழைப்பு விவரப் பதிவின் ஒரு வரியை மட்டும் பாருங்கள். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, நேரம், பேசிய நொடிகள், செல்போனின் ஐஎம்இஐ எண், சிம் கார்டின் ஐஎம்எஸ்ஐ எண், பேச்சு தொடங்கியபோது இணைந்திருந்த கோபுரம், முடிந்தபோது இணைந்திருந்த கோபுரம். பேசிய சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. ஆனால் ஆறு மாத வரிகளை அடுக்கிவைத்தால் இரவுக் கோபுரம் வீட்டைக் காட்டும், பகல் கோபுரம் வேலையிடத்தைக் காட்டும். மாதம் ஒருமுறை எந்த மருத்துவமனைப் பக்கம் போகிறோம், எந்த நிருபரோடு பேசினோம், யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டோம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இந்த விவரங்களை இரண்டு ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான உரிம நிபந்தனை.

2013இல் அருண் ஜெட்லியின் அழைப்பு விவரங்களைப் பெற முயன்றதாக டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவர் கைதானார். உயரதிகாரி ஒருவரின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கோரிக்கை போயிருந்தது. ஜெட்லி அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர். அவர் விஷயத்திலேயே அப்படி முயல முடிந்தது என்றால், சொத்துத் தகராறில் எதிராளிக்குக் காவல் நிலையத்தில் ஆள் இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்தின் கதி என்ன? மடியில் கனமில்லாதவருக்கும் பகைவர் உண்டு. முதல் பதில் நிற்காது.

“கம்பெனிக்குத் தெரியாததா?”

இரண்டாவது பதில்: “எல்லாம் ஏற்கெனவே கம்பெனிக்குத் தெரியும். அரசுக்கும் தெரிந்தால் என்ன?” இதில் பாதி உண்மை. சிம் வாங்கும்போதே ஆதாரும் புகைப்படமும் கொடுத்துவிடுகிறோம். ஆனால் நிறுவனம் அதிகபட்சம் நமக்கு ஒரு பொருளை விற்கப் பார்க்கும். அரசு நம்மைக் கைதுசெய்ய முடியும். கையிலிருக்கும் தகவல் ஒன்றேயானாலும் அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பது வேறு.

நமக்காக நிறுவனம் அரசை எதிர்த்து நிற்கும் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. பிஎஸ்என்எல் அரசுடையது. வோடஃபோன் ஐடியா கட்ட வேண்டிய நிலுவை பங்குகளாக மாற்றப்பட்டதால், 2025 முதல் அதில் 49 சதவீதத்துக்கு நெருக்கமான பங்கு அரசிடம் இருக்கிறது. ஜியோ, ஏர்டெல் நிறுவனங்களுக்கு உரிமமும் அலைக்கற்றையும் தருவது அரசு. 2014இல் வோடஃபோன் குழுமம், தான் இயங்கும் 29 நாடுகளில் அரசுகள் எத்தனை முறை தகவல் கேட்டன என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவுக்கு எண்ணிக்கை இல்லை. வெளியிடச் சட்டம் இடம்தரவில்லை என்றது நிறுவனம். மாதக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளருக்கு, மொத்தம் எத்தனை பேரின் அழைப்பு கேட்கப்படுகிறது என்ற கணக்குகூடக் கிடைக்காது.

“நாட்டுப் பாதுகாப்புக்கு வேண்டாமா?”

மூன்றாவது பதில்தான் வலுவானது. “திருடனையும் தீவிரவாதியையும் பிடிக்க வேண்டாமா?” வேண்டும். 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் எல்லைக்கு அப்பாலிருந்து கட்டளை பெற்றதை நிரூபித்தவற்றில் முக்கியமானவை ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசிப் பேச்சுகள். இணையவழி மோசடிகளில் 2024இல் மட்டும் மக்கள் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி ஓய்வூதியர்களின் வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கும் கும்பலைப் பற்றிக் கேள்விப்பட்ட எவரும் அரசு சும்மா இருக்கட்டும் என்று சொல்ல மாட்டார்.

ஆகவே ஒட்டுக்கேட்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த அதிகாரத்துக்கு ஒப்புதல் தருவது யார், சரிபார்ப்பது யார் என்பதுதான் கேள்வி.

பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், தொலைபேசிப் பேச்சு அந்தரங்க உரிமைக்குள் வரும் என்றது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இருந்தால் மட்டுமே ஒட்டுக்கேட்கலாம் என்றும் வரையறுத்தது. ஆனால் நீதிபதியின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கவில்லை. சட்டத்தில் அதற்கு வழியில்லை என்று விட்டுவிட்டது. 2007இல் வந்த, தந்திச் சட்டத்தின் கீழான 419ஏ விதியின்படி அனுமதி தந்தவர் உள்துறைச் செயலர். சரிபார்த்தது மத்தியில் கேபினட் செயலர் தலைமையிலான குழு, மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையிலான குழு. கேட்பவரும் அனுமதிப்பவரும் சரிபார்ப்பவரும் அரசு அதிகாரிகளே.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மத்திய அரசு மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே ஒருமுறை தெரியவந்தது. 2018இல், தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு அதைத் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. சரிபார்ப்புக் குழு கூட வேண்டியது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்படியானால் ஓர் அமர்வில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்த்தாக வேண்டும். மூன்று செயலர்கள் ஓர் ஆணைக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினாலும், இரவுபகல் தூங்காமல் பத்து நாட்களுக்கு மேல் ஆகும். இதைச் சரிபார்ப்பு என்று ஏற்க முடியாது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று இதை இன்னும் தெளிவாக்குகிறது. லஞ்ச வழக்கு ஒன்றுக்காக 2011 ஆகஸ்டில் உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தார். அங்கே பொது நெருக்கடியும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை. கேட்டுப் பதிவுசெய்ததை விதிப்படி சரிபார்ப்புக் குழுவின் முன் வைக்கவும் இல்லை என்றார். இதற்குச் சற்று முன்னர், வேறோர் ஊழல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒட்டுக்கேட்பு சரியே என்றது. ‘பொதுப் பாதுகாப்பு’ எதுவரை நீளும் என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சென்னை வழக்கில் ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு விஷயம் தெரிந்ததே குற்ற வழக்கு தொடுக்கப்பட்டதால்தான். அப்படியிருந்தும் நியாயம் கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஒட்டுக்கேட்கப்பட்டு, எதுவும் கிடைக்காமல் கைவிடப்பட்டவர்களுக்கு அது ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரியாத அநீதிக்கு எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

தவறவிட்ட வாய்ப்பு

2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அதன்பின் 138 ஆண்டுப் பழைய தந்திச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த கூட்டத்தொடரில் அது நிறைவேறியது. ஒட்டுக்கேட்பில் அதே பொது நெருக்கடி, அதே பொதுப் பாதுகாப்பு; 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளிலும் அதே செயலர்கள், அதே குழு. நீதிபதி அதில் இல்லை.

நீதிபதியிடம் போனால் தாமதமாகும் என்று ஒரு வாதம் உண்டு. பிரிட்டன் 2016இல் கொண்டுவந்த சட்டத்தில் அமைச்சரின் கையெழுத்துக்கு மேல் நீதித் துறை ஆணையரின் ஒப்புதலும் வேண்டும். அவசரமானால் பிறகு பெற்றுக்கொள்ளலாம். நம் விதியிலேயே அவசர ஆணையை ஏழு வேலை நாட்களுக்குள் செயலர் உறுதிசெய்தால் போதும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏழு நாளில் செயலரால் முடிவது நீதிபதியாலும் முடியும்.

என் முடிவு இது. சஞ்சார் சாத்தி விரும்பிப் பயன்படுத்துவோருக்கு நல்ல கருவி. தொலைந்த செல்போனை முடக்கவும், நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கவும் உதவுகிறது. அதைக் கட்டாயமாக்கியது தவறு, கைவிட்டது சரி. ஒட்டுக்கேட்கும் அதிகாரம் தேவையானது. ஆனால் இன்றைய வடிவில் ஏற்கத்தக்கதல்ல. அதற்கு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். விசாரணை முடிந்ததும் சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை ஆணைகள் என்ற எண்ணிக்கையை நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்க வேண்டும். இந்த மூன்றில் எதுவும் ஒரு தீவிரவாதியையும் தப்பவிடாது.

ஒரு செயலியைக் கட்டாயமாக்கியதை ஐந்தே நாளில் கைவிடவைத்தது மக்களின் குரல். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.