பயிற்சி ஆசிரியரின் வகுப்பில் நாம் எதைப் பார்க்கிறோம்?

உங்கள் பள்ளிக்கு ஒரு பயிற்சி ஆசிரியர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேசிய கல்விக் கழகத்தில் பட்டமேற்படிப்புப் பயிற்சி பெறுபவர். 10 வாரம் உங்களோடு இருப்பார். நீங்கள்தான் வழிகாட்டி ஆசிரியர். வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்ததும் உங்கள் கண் எங்கே போகிறது? பீடிகை ஈர்ப்பாக இருந்ததா, குழு வேலை நடந்ததா, மாணவர் கற்றல் தளத்தைப் பயன்படுத்தினாரா, மணி அடிக்கும் முன் பாடம் முடிந்ததா? நம்மில் பலர் இவற்றைத்தான் முதலில் பார்க்கிறோம்.

இவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், இவை எல்லாமே ஆசிரியர் செய்தவை. மாணவர் என்ன சொன்னார், அதை ஆசிரியர் என்ன செய்தார் என்ற கேள்வி இந்தப் பட்டியலில் எங்கே?

இந்தக் குறை புதிதல்ல. கோட்பாடும் நடைமுறையும் கல்வியில் எப்படி இணைய வேண்டும் என்று ஜான் டூயி 1904இல் ஒரு கட்டுரை எழுதினார். பயிற்சி ஆசிரியரை உடனே திறமையாகப் பாடம் நடத்த வைப்பது ஒரு நோக்கம். பிள்ளைகளின் சிந்தனை எப்படி நகர்கிறது என்று கவனிக்கப் பழக்குவது வேறொரு நோக்கம். முதல் நோக்கத்தையே பெரிதாக்கினால், வகுப்பைக் கட்டுக்குள் வைப்பதிலேயே அவர் கவனம் நின்றுவிடும். பிள்ளைகள் கவனிப்பதுபோல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்துவிடுவார். டூயியின் கவலை இதுதான்.

தமிழ் வகுப்பில் இந்தக் கவலை இரட்டிப்பாகிறது. வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர், 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. பல பிள்ளைகளுக்கு நம் வகுப்புதான் தமிழ் பேசக் கிடைக்கும் முக்கியமான இடம். அங்கே அவர்கள் வாய் திறக்கும் நொடியை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். உயர்நிலை 1 மாணவர் ஒருவர், "டீச்சர், என் கிராண்ட்மா மார்க்கெட் போயி ஃபிஷ் வாங்கும்" என்கிறார். ஆசிரியர், "தமிழ்ல முழு வாக்கியமா சொல்லு" என்று சொல்லலாம். மாணவர் பெரும்பாலும் அதோடு வாயை மூடிக்கொள்வார். "வெரி குட்" என்று அடுத்தவரிடம் போகலாம். பாடம் நேரத்துக்கு முடியும், ஆனால் மொழி அப்படியே நிற்கும். அல்லது, "ஓ, பாட்டி சந்தைக்குப் போயி மீன் வாங்குவாங்களா? என்ன மீன் வாங்குவாங்க?" என்று கேட்கலாம். இந்த மூன்றாவது பதிலில் சொல் கிடைக்கிறது, மரியாதை விகுதி கிடைக்கிறது, பேச்சும் நீள்கிறது. பிறகு எழுதும்போது 'வாங்குவார்' என்று எழுத்துத் தமிழுக்குக் கொண்டுபோகலாம். 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்னது, நடைமுறையில் இந்த மாதிரி நொடிகளில்தான் உயிர் பெறுகிறது.

"யூனிவர்சிட்டில படிச்சதெல்லாம் வகுப்புக்கு உதவாது" என்று ஆசிரியர் அறையில் நாம் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரட்டை வழக்கு, பிழையை எப்போது திருத்துவது, எப்போது விடுவது, கேள்வியை எப்படி நீட்டுவது என்று பயிற்சி ஆசிரியர் படித்துவிட்டு வரும் கோட்பாடு, அந்த மீன் வாக்கியத்துக்குத்தான் தேவை. ஆனால், பாடம் முடிந்தபின் அதைப் பற்றி அவரிடம் யார் கேட்கிறோம்? "டைம் மேனேஜ்மெண்ட் பாத்துக்குங்க" என்று முடித்துவிடுகிறோம். கோட்பாடு உதவாமல் போவதற்கு விரிவுரை மண்டபம் மட்டும் காரணமல்ல. நம் பின்வரிசை நாற்காலிக்கும் அதில் பங்கு உண்டு.

அதனால் மூன்று சிறு மாற்றங்களைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, முதல் வாரத்தில் பயிற்சி ஆசிரியர் உங்கள் வகுப்பைக் கவனிக்கும்போது, மாணவர்கள் பேசிய பத்து வாக்கியங்களைத் திருத்தாமல், பேசியபடியே எழுதிவரச் சொல்லுங்கள். மாணவர்களிடம் எந்தத் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவரும்.

இரண்டாவது, பள்ளி அனுமதித்தால், அவர் பாடத்தில் பத்து நிமிடத்தை ஒலிப்பதிவு செய்து அவரையே எழுத வைக்கலாம். யார் எவ்வளவு பேசினார்கள் என்று தாளே காட்டிவிடும். எழுதி முடித்ததும் பதிவை அழித்துவிடலாம்.

மூன்றாவது, பாடத்துக்குப் பிந்திய கலந்துரையாடலை ஒரு மாணவரின் வாக்கியத்தில் தொடங்குங்கள்: "அந்தப் பையன் இப்படிச் சொன்னான். நீங்க ஏன் இப்படிப் பதில் சொன்னீங்க?" மேற்பார்வையாளரும் இதே கேள்வியைக் கேட்டால், பல்கலைக்கழகமும் பள்ளியும் ஒரே இடத்தைப் பார்க்கத் தொடங்கும்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்கே?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. தமிழ் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேரே உள்ள பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் பல நிலைகளுக்குப் பாடம் எடுப்பார். ஆனால், கூடுதல் சந்திப்பு எதையும் நான் கேட்கவில்லை. ஏற்கெனவே நடக்கும் கலந்துரையாடலின் முதல் ஐந்து நிமிடத்தைத்தான் கேட்கிறேன். பயிற்சி முடிந்து அவர் வேலைக்குப் போகும் பள்ளியிலும் தமிழ் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருக்கலாம். இன்னொரு தமிழாசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து அவருடைய வகுப்பைக் காது கொடுத்துக் கேட்கும் வாய்ப்பு பிறகு அரிது. உங்களிடம் இருக்கும் அந்த 10 வாரத்தில் அவருக்கு ஒரு பழக்கம் படிந்தால் போதும்: பிள்ளை பேசி முடிக்கும்வரை காத்திருந்து, சொன்னதைக் கேட்டு, பிறகு பதில் சொல்வது.