முன்பக்கம் மட்டும் போதுமா?

திருமலைக்கும் திருத்தணிக்கும் இடைப்பட்ட விஜயபுரம், நகரி வட்டாரத்து மக்களுக்கு உலோகத் தகட்டின் அழகைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருமலையில் ஆனந்த நிலைய விமானத்தைப் போர்த்தியிருப்பது பொன்முலாம் பூசிய செப்புத் தகடு. திருத்தணி முருகனுக்குத் தங்கக் கவசம் சாத்தினால் அன்றைக்குத் தரிசன வரிசை நீண்டுவிடும். அந்தக் கவசத்தையே கோயிலுக்கு வெளியே தனிச் சிற்பமாக நிற்கவைத்தவர் பி.வி. ஜானகிராம் (1930–1995).

சென்னைக் கலைக் கல்லூரியில் முதலில் ஓவியம் படித்து, பிறகு சிற்பத்துக்கு வந்தவர் அவர். மேற்கைப் பார்த்து நகலெடுக்காமல் நம் மரபிலிருந்தே நவீனக் கலையை எடுக்க முடியுமா என்று ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் தேடிக்கொண்டிருந்த காலம். 1966-இல் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சேர்ந்தவர்களில் ஜானகிராமும் ஒருவர்.

செப்புத் தகட்டை வெட்டி, சுத்தியலால் தட்டி வளைத்து, அதன்மேல் கம்பிகளையும் சிறு பட்டைகளையும் பற்றவைப்பது அவர் முறை. அவருடைய கணேசரை அருகில் போய்ப் பாருங்கள். தகடு உடலாகிறது, கம்பி கோடாகிறது. புருவம், துதிக்கையின் மடிப்பு, மார்பு ஆபரணம் எல்லாம் வரைந்தவை போலவே ஓடுகின்றன. ஓவியம் பயின்ற கை சிற்பத்துக்கு வந்தும் கோடு இழுப்பதை நிறுத்தவில்லை. ஐரோப்பாவில் ஹூலியோ கொன்சாலெஸ் இரும்பைப் பற்றவைத்து வெட்டவெளியில் கோடு இழுத்தார். ஜானகிராமின் கோடு அப்படி வெளியே பாய்வதில்லை. தகட்டோடு ஒட்டியே வாழ்கிறது. இது நம் பொற்கொல்லர், கன்னார் கைவழக்கத்தின் தொடர்ச்சி. இதை இரவல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவருடைய பெரிய சாதனை இதுதான் என்பேன்.

குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அவருடைய சிற்பங்கள் எதிரே நின்று பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. சுற்றி வந்தால் சிற்பம் சட்டென்று நின்றுபோகிறது. கோயில் கவசத்துக்கு இது குறையே அல்ல, அதன் பின்னால் மூலவர் இருக்கிறார். மூலவர் இல்லாத கவசம் தன் கனத்தைத் தானேதான் தேடிக்கொள்ள வேண்டும். அவருடைய கிறிஸ்து உருவங்களில் அந்தக் கனம் வந்திருக்கிறது. மெலிந்த தகடும் உள்ளே இருக்கும் வெறுமையும் வதைபட்ட உடலுக்குப் பொருந்திப்போகின்றன. ராஜா, ராணி, தேவி உருவங்கள் பலவற்றில் அது வரவில்லை. ஆபரணம் கூடக்கூட முகம் பொதுவாகிவிடுகிறது. வரவேற்பறை அலங்காரத்துக்கு அவை மிக எளிதாக இடம்கொடுத்துவிடுகின்றன. கைக்கு நன்றாகப் பழகிய முறை கலைஞனைக் கேள்வி கேட்பதில்லை. மரபைக் கையாண்டதற்காகவே அவரைப் புகழ்ந்த நாமும் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அடுத்த தலைமுறையில் சிற்பி எஸ். நந்தகோபால் (1946–2017) இதே முகப்புநோக்கை எடுத்துக்கொண்டு, உடலைத் திறந்து, எனாமல் வண்ணமும் சேர்த்துச் சின்னங்களை அடுக்கினார். தகடு அவரிடம் போர்வையாக இல்லை, எலும்புக்கூடாகிவிட்டது. ஆனால் ஜானகிராம் போட்ட கோடு இல்லாமல் அவர் அங்கே போயிருக்க முடியாது.

காட்சிக்கூடங்கள் ஜானகிராமைச் சுவரோரம் நிறுத்துவதை விட வேண்டும். பற்றவைத்த தழும்புகள் தெரியும் பின்பக்கத்தையும் மாணவர்கள் பார்க்கட்டும். அவர் எதை விட்டுவிட்டார் என்பது அங்கேதான் தெரியும்.