பரம ரகசியம்

நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் விற்கும் சித்த வைத்திய நூல்கள் பலவற்றில் ஒரு தந்திரம் உண்டு. அட்டையில் 'பரம ரகசியம்'. உள்ளே எந்தச் சரக்கு எத்தனை வராகன் எடை என்பது மட்டும் மிஸ்ஸிங். சொன்னால் வெளிநாட்டுக்காரன் பேடன்ட் எடுத்துவிடுவானாம்!

விஷயம் நேர் எதிர், ஸார். புண்ணாற்றும் மஞ்சளுக்கு 1995-ல் அமெரிக்கா தந்த பேடன்ட் 1997-ல் ரத்தானது. காப்பாற்றியது ரகசியம் அல்ல. பழைய நூல்களும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் அச்சான கட்டுரையும். சி.எஸ்.ஐ.ஆர். அவற்றைக் காட்டி ஜெயித்தது. ஏற்கெனவே அச்சானது 'புதுசு' ஆகாது.

அச்சிட்டால் உங்களுக்கும் ஏகபோகம் கிடையாதுதான். மறைத்தாலோ, வைத்தியரோடு மருந்தும் போய்விடும். அடுத்த பதிப்பில் ரகசியத்தை எடுத்துவிட்டு அளவைப் போடுங்கள்.