பனங்காடையும் படம் பிடிப்போரும்

சினிமா, ஓவியம், நாடகம் என்று எல்லாப் பிம்பங்களையும் நம் சிற்றிதழ்களில் கட்டுடைத்துப் பார்த்தாயிற்று. காலண்டரிலும் கண்காட்சியிலும் தொங்கும் பறவை மட்டும் 'இயற்கை' என்ற பேரில் தப்பித்துக்கொள்கிறது. குருவிக்கு ஏதுய்யா அரசியல் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் பேச நினைப்பது குருவியைச் சுற்றிப் போடப்படும் சட்டகத்தைப் பற்றி.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டித் தெற்கே போகப்போக வாழையும் வயலும் குறைந்து, செம்மண் தேரியும் உடையும் பனையுமாக நிலம் மாறுகிறது. 'வசந்தகாலக் கானகப் பறவைகள்' என்று வழவழப்புத் தாளில் அச்சாகும் சொற்றொடர் இங்கே ஒட்டவே ஒட்டாது. அது பனி உருகி, இலை துளிர்த்து, பறவைகள் திரும்பி வருகிற ஐரோப்பிய வசந்தம். இங்கே பங்குனி, சித்திரையில் குளிருக்கு வந்தவை கிளம்புகின்றன. காலையிலும் அந்தியிலும் தோப்பு நிழலில் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஆறுமணிக்குருவி வடக்கே போய்விடும். இங்கேயே கிடப்பவை கூடு வைக்கத் தொடங்கும். வெயில் ஏறுகிற அந்த நாட்களில்தான் பனங்காடை உயரே போய், கரணம் அடித்து, கத்திக்கொண்டே இறங்குகிறது. இணை தேடும் ஆட்டம் அது.

நான் பார்த்த பனங்காடைப் படங்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கின்றன: விரிந்த சிறகு, இரண்டு வகை நீலம், பின்னால் கரைந்துபோன பச்சை. நீண்ட லென்ஸ் பின்னணியைக் கரைக்கும், சரி. கரைந்தது எது? பனங்காடை பொந்தில் முட்டையிடுகிற பறவை. தலை போன மொட்டைப்பனை அதற்கு வீடு. கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் அதே மாதிரிப் பொந்துகளுக்கு அலைகின்றன. பனை உழவாரனோ பனையோலையின் அடியிலேயே எச்சிலால் கூட்டை ஒட்டிக்கொள்கிறது. பேரிலேயே பனையைச் சுமக்கிற பறவைகள் இவை. படத்தில் பனை கிடையாது. மொட்டைப்பனை அழகில்லையாம். செங்கல் சூளைக்காரர் கண்ணுக்கு அது விறகாகவாவது தெரிகிறது.

பனையோடு சேர்ந்து மனுஷனும் வெளியே தள்ளப்படுகிறான். பதநீர்க் காலமும் இந்தக் கூடு வைக்கும் காலமும் ஒன்றோடொன்று கலந்தவை. கேமராக்காரர் அண்ணாந்து பார்ப்பதை, பாளை சீவ ஏறுகிறவர் நேருக்கு நேர் பார்க்கிறார். பனையேறுகிற அண்ணாச்சி ஒருவரிடம் விசாரித்தேன். "பக்கத்து மொட்டையில குஞ்சு இருந்துச்சுன்னா, நாம ஏறுறப்ப தலைக்கு மேல வந்து கத்தும்லா சார். அன்னைக்கு அந்த மரத்த விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவேன்" என்றார். இது பறவையியல் இல்லையா? 1862-64இல் இந்தியப் பறவைகள் குறித்த தன் நூலை வெளியிட்ட ஆங்கிலேய மருத்துவர் ஜெர்டன், பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் சேர்த்தே அச்சிட்டார். பெயர்கள் நூலுக்குள் வந்தன, சொன்னவர்கள் வரவில்லை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் கேமராவாலும் 'சுடுகிறார்கள்'. நாம் படம் 'பிடிக்கிறோம்'. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு குருவி பிடிக்கிற நரிக்குறவருக்கு வழக்கு. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைத்து, கூட்டை மறைக்கும் தழையை ஒடித்துப் படம் பிடிக்கிறவருக்குப் பெரும்பாலும் பாராட்டு. வேட்டைக்கு வக்காலத்து வாங்கவில்லை. இரண்டு பிடித்தலுக்கும் நடுவில் யாருடைய கை குற்றமாகிறது என்றுதான் கேட்கிறேன்.

மாற்று இல்லாமலில்லை. திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படம் எடுத்தார். அவர் படங்களில் யானையோடு காடும் நிற்கிறது. 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பில் தமிழிலேயே பறவைகளைப் பற்றி யோசிக்கிறார். அவரிடமும் பனையேறி மையத்துக்கு வந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் நிலத்தைக் கரைத்துவிட்டுப் பறவையைத் தனியே எடுக்கும் ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதை அமலாக்கச் சொல்லிக் கேட்பதற்குச் சாட்சியம் வேண்டும்: எந்த ஊர், எந்த மரம், எந்தப் பொந்து, எந்த மாதம். நம் ஊர்க் கண்காட்சிகளில் படத்துக்குக் கீழே லென்ஸின் நீளமும் ஷட்டரின் வேகமும் கவனமாக எழுதப்பட்டிருக்கின்றன. அதே அட்டையில் இந்த நான்கையும், மரத்தைக் காட்டித் தந்தவர் சம்மதித்தால் அவர் பேரையும் எழுத இடம் இருக்கிறது.