புல்லி நாட்டு ஆநிரைகள்

வேங்கடம் என்றதும் நம் நெஞ்சில் திருமலைக் கோயில் தோன்றும். தமிழகத்தின் பழைய வடவெல்லை தோன்றும். சங்கச் சான்றோர் கண்ட வேங்கடமோ, ஆநிரை மேய்த்தோரும் கவர்ந்தோரும் அடுத்தடுத்து வாழ்ந்த கானமும் ஆகும். இவ்வேங்கடத்தை நாம் போதிய அளவு நோக்கினோமல்லோம்.

அகநானூற்றில் மாமூலனார் அந்நாட்டுத் தலைவன் புல்லியைப் பன்முறை பாடுகின்றார். 61ஆம் பாட்டில் அவன் கள்வர் தலைவன்; மழவர் நிலத்தை அடக்கியவன்; வள்ளல். 393ஆம் பாட்டில் ஆநிரை பலவற்றைத் திரட்டியவன். அந்நிரைகள் எவருடையவை? புலவர் கூறவில்லை, நாமும் வினவாது, அவன் வண்மையைப் போற்றி அமைகின்றோம்.

இதற்கு இலக்கணமும் துணை நிற்கின்றது. நிரை கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்தது. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சியுள் அடக்கிற்று. கவர்ந்தவனுக்கும் பூ, மீட்டவனுக்கும் பூ. அண்டைக் குடிகள் மேய்ச்சல் நிலத்தில் வெட்டி மடிந்த பூசல், சூடிய பூவால் அழகு பெற்றுவிடுகின்றது. வீரன் முன்னிற்க, பசுவை இழந்த குடி பின்னே மறைகின்றது.

நடுகல் அவ்வாறு மறைப்பதில்லை. வேங்கடத்துக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்தவனையும், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்னும் அவன் நாயையும் அது பெயர் சொல்லிக் குறிக்கின்றது. சித்தூர்ப் பகுதியிலும் வைதும்பர், நுளம்பர் காலத்து வீரக்கற்கள் பல உள.

மாமூலனாரிடமே மாற்றுக் காட்சியும் உண்டு. 311ஆம் பாட்டில், புல்லி நாட்டுக் கோவலர், காளையின் கழுத்தில் கட்டிய மூங்கிற்குழாயிலுள்ள புளிச்சோற்றை, பசியால் காதடைத்து வரும் வழிப்போக்கர்க்குத் தேக்கிலையில் பகிர்ந்தளிக்கின்றனர். வள்ளல் என்னும் பெயர் புல்லிக்குக் கிடைத்தது. சோறிட்ட கோவலர்க்குப் பெயரே இல்லை.

1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக்காகப் போராடியோரின் தொண்டை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும், பிறர் மண்ணில் குடியேறி அவர் இட்ட சோற்றையும் உண்டு வாழும் நாம், வேங்கடத்தை நம் மக்கட்கு எல்லைக்கல்லாக மட்டும் காட்டுதல் தகுமோ? 311ஆம் பாட்டையும் உடன் கற்பிப்போமாக.